குத்துமதிப்பு

நாள் 203, இரவு 7.40
மேட்டு நிலையம், செவ்வாய்

காற்றழுத்தம் சரி. மின்கலம் 91 சதவீதம். வெளியே மைனஸ் 58. தூசி வழக்கம்போல. பதிவு எழுதுவது குணசீலன், மின்னமைப்புப் பொறியாளர். அடுத்த குழு வந்தால் படிப்பார்கள். படிக்காவிட்டாலும் எழுதியாக வேண்டும், விதி.

இன்று முதல் பூமிக்கும் எங்களுக்கும் குறுக்கே சூரியன். சுமார் இரண்டு வாரம் தரைக்கட்டுப்பாட்டோடு பேச்சு கிடையாது. அந்த நாட்களில் பள்ளத்து முகாமில் ஒருவர் உட்கார்ந்து பனிக்கிணற்றின் சூடேற்றியை அணையாமல் காக்க வேண்டும். அணைந்தால் கிணறு உறையும். அடுத்த குழுவுக்குத் தண்ணீர் இல்லை. முகாம் என்றால் ஓர் அறை, ஒரு கிணற்றறை, வெளியே ஒரு காற்றுத் தொட்டி. நீட்டிப் படுத்தால் கால் சுவரில் இடிக்கும். யாருக்கும் போகப் பிடிக்காது.

நிலையத்தில் இருப்பது இரண்டு பேர். நான், பெலிசியா. அவள் நிலத்தடி நீர் ஆய்வாளர், தூத்துக்குடிக்காரி, என் வயதுதான். யார் போவது என்பதை சுடோக்கு தீர்மானித்தது. இங்கே எல்லாச் சில்லறை வேலையையும் அதுதான் தீர்மானிக்கிறது. தூசி வடிகட்டி கழுவுவது, கழிவறைத் தொட்டி காலி செய்வது, எல்லாம்.

புதிர்கள் நாங்கள் கேட்டு வாங்கியவை இல்லை. மூளை துருப்பிடிக்கக் கூடாது என்று உளவியல் ஆசாமிகள் ஏற்றி அனுப்பியவை. வரிசை பார்த்து, பெட்டி பார்த்து நிரப்புவதெல்லாம் முதல் பத்து நிமிடம்தான். அதற்குமேல் சங்கிலி போட வேண்டும். அதற்கென்று பாடமும் அனுப்பியிருக்கிறார்கள். நாலு மாதமாக இருவரும் அதைப் படிக்கிறோம்.

சங்கிலி இப்படி. காலிக் கட்டங்களில் வரக்கூடிய எண்களையெல்லாம் சின்னதாக எழுதி வைப்போம். ஒரு வரிசையில் 6 வர இரண்டே இடம் என்றால், ஒன்றில் இல்லாவிட்டால் மற்றதில் இருந்தே தீரும்: இறுக்கக் கண்ணி. இரண்டு 6 ஒரே வரிசையில் சேர்ந்து இருக்க முடியாது: தளர்கண்ணி. இறுக்கம், தளர்வு, இறுக்கம் என்று மாற்றி மாற்றிக் கோர்த்தால், கடைசியில் இரண்டு முனைகளில் ஒன்றாவது உண்மை என்று வந்து நிற்கும். எந்த முனை என்று தெரியாது. ஆனால் இரண்டு முனையோடும் வரிசையோ பெட்டியோ பகிர்கிற மூன்றாவது கட்டத்தில் அந்த எண் வராது, அழித்துவிடலாம். அவ்வளவுதான் லாபம். இத்தனை உழைப்புக்கு ஒரு சின்ன எண் அழியும்.

எங்கள் விதி: ஒவ்வொரு நகர்வுக்கும் கீழே ஓர் எழுத்து போட வேண்டும். காரணத்தோடு வந்தது என்றால் ச, சங்கிலி. காரணம் இல்லாமல் அடித்துவிட்டால் கு, குத்துமதிப்பு. யாரிடம் கு அதிகமோ அவர் வேலையைச் செய்ய வேண்டும்.

நேற்றைய போட்டியில் பெலிசியாவுக்கு இரண்டு கு. எனக்கு ஒன்றும் இல்லை. நாலு மாதத்தில் நான் ஒரு கு-வும் போட்டதில்லை.

எப்படி என்றால் எளிது. இரண்டு இடத்தில் மாட்டி நின்றேன். ஒன்று நடுப் பெட்டியில் ஒரு கட்டம், 4 அல்லது 9. திரையில் ஒரு நகல் எடுத்து, 9 போட்டு ஓட்டிப் பார்த்தேன். முட்டியது. அப்போது 4. விடை கையில் வந்த பிறகு அங்கிருந்து பின்னால் நடந்து ஒரு சங்கிலி எழுதினேன். ச போட்டேன். இன்னோர் இடத்திலும் இப்படியே. விடை ஒன்றுதானே. எந்த வழியாக வந்தால் என்ன.

மதியம் அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். நாற்பது கிலோமீட்டர். ஒரு முணுமுணுப்பு இல்லை. பென்சிலையும் புதிர்க் கட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டாள். முகாமில் இறங்கிச் சாமான் எடுத்துக்கொண்டதும் வண்டி தானோட்டியில் திரும்பி வந்துவிட்டது. இங்கே மின்னேற்றினால்தான் ஓடும்.


நாள் 205, மாலை 6.05

எல்லாம் சரி. வடிகட்டி கழுவவில்லை, நாளை.

நடுவில் மலைமுகடு இருப்பதால் முகாமோடு நேர் ரேடியோ கிடையாது. சின்ன செயற்கைக்கோள் ஒன்று காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை தலைக்கு மேல் போகும். ஒவ்வொரு சுற்றிலும் பதினோரு நிமிடம். எழுத்துச் செய்தி மட்டும். சூடேற்றி நிலவரத்தோடு புதிரையும் அனுப்பிக்கொள்கிறோம்.

இன்று அவளிடமிருந்து:

“ஏலே குணா, மொத முழுச் சங்கிலி போட்டுட்டேன். ஆறை வச்சு அஞ்சு கண்ணி. கடைசில எட்டாம் வரிசையில ஒரு ஆறு அழிஞ்சுது. ஒண்ணே ஒண்ணுதாம். ஆனா அங்க ஆறு வராதுன்னு இப்ப நான் சத்தியம் பண்ணுவேன், கேட்டியா. ச.”

நான் அனுப்பியது:

“அஞ்சு கண்ணி போட்டு ஒரே ஒரு நம்பரை அழிச்சியா? நான் அதே புதிரை முடிச்சிட்டு டீயும் குடிச்சிட்டேன். ச.”

முடித்தது உண்மை. இரண்டு இடத்தில் நகல் எடுத்து ஓட்டினேன்.


நாள் 207, காலை 7.15

மின்கலம் 88. மேற்கே வானம் பழுப்பாக இருக்கிறது. தூசிப்புயல் இரண்டு நாளில் வரலாம்.

அவள் கேட்டிருக்கிறாள்:

“எப்படில ஒவ்வொரு தடவையும் நேரா விடையிலயே போயி விழுத? எனக்கு எது இல்லங்கது மட்டுந்தாம் தெரியுது. அந்தக் கடைசிப் புதிர்ல 7-ஐ எங்கருந்து பிடிச்ச? மொதக் கண்ணி எதுன்னு சொல்லு, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்.”

முதல் கண்ணி எது என்று எனக்கே தெரியாது. நான் கடைசியிலிருந்துதான் ஆரம்பித்தேன். பத்து நிமிடம் திரையைப் பார்த்தேன். ஏதோ ஒரு கட்டத்தை முதல் கண்ணி என்று எழுதி அனுப்பினேன். ச.

அனுப்பிய பிறகு கொஞ்சம் உறுத்தியது. அங்கே அவள் அந்தக் கட்டத்திலிருந்து தொடங்கி, கோர்த்துக் கோர்த்து, எங்கும் போய்ச் சேராமல் உட்கார்ந்திருப்பாள். தன் தலைதான் மந்தம் என்று நினைத்துக்கொள்வாள்.

பரவாயில்லை, விளையாட்டுதான். வடிகட்டி கழுவியாயிற்று.


நாள் 209, மாலை 5.50

புயல் வந்துவிட்டது. ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. சூரியத் தகடுகளில் மின்சாரம் பாதிக்கும் கீழே. அதிர்வுக் கருவி அடிக்கடி துள்ளுகிறது.

அவள் செய்தி இரண்டே வரி. சூடேற்றி ஓடுகிறது, குளிர் அதிகம், வாஷர்கள் சுருங்கி எங்கேயோ சீறுகிற மாதிரி இருக்கிறது, நாளை பார்க்கிறேன் என்று. கடைசியில் ஒன்று சேர்த்திருந்தாள்: நான் சொன்ன முதல் கண்ணியிலிருந்து இரண்டு நாளாக 7-க்குப் போய்ச் சேர முடியவில்லை, விட்டுவிடுகிறாளாம். அதற்குக் கீழே கு.

செய்யாத குத்துமதிப்புக்கு அவள் கு போட்டிருக்கிறாள்.

நான் பதில் எழுதவில்லை. சுற்று முடிந்துவிட்டது என்று எழுத வந்தேன். உண்மையில் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது.


நாள் 210, காலை 7.32

அவசரம். அவளிடமிருந்து வந்ததை அப்படியே பதிகிறேன்:

“அழுத்தம் காட்டுத பேனல் செத்துட்டு. காத்து மெதுவாக் கசியுது. பேனல் போறதுக்கு முந்தி பாத்தது இது. கிழக்குக் குழாய்ல அழுத்தம் இறங்கிட்டு. மேற்குக் குழாய்லயும் இறங்கிட்டு. கிணத்தறையில உள்ள முள்ளு பாதிக்குத்தாம் இறங்கிருக்கு, முழுசா இல்ல. குழாய்ப் படம் உங்கிட்டதான இருக்கு. எது ஓட்டைன்னு நான் கேக்கல. எதைத் தொடக் கூடாதுன்னு மட்டும் சொல்லு. சாயங்காலச் சுத்து வரைக்கும் தாங்கும். நிதானமாப் பாரு.”

படத்தை எடுத்தேன். வால்வுகள் நாலு. கிழக்குக் குழாயில் 1, 2. மேற்குக் குழாயில் 3, 4. இதில் 2-ம் 3-ம் கிணற்றறைக்குள் இருக்கின்றன. வெளித் தொட்டியின் காற்று அவள் அறைக்கு வர வேண்டுமானால் 1-ஐயும் 4-ஐயும் தாண்டி வர வேண்டும்.

கிணற்றறை புயலடிக்கும் பக்கம். ஆக, வாஷர் போனது 2-லும் 3-லும்தான். பார்த்தவுடன் தெரிகிறது. அனுப்பினேன்:

“2, 3 ஓட்டை. கிழக்கே இறங்கினது 2-ஆல, அதனால 1 நல்லது. மேற்கே இறங்கினது 3-ஆல, அதனால 4 நல்லது. தொட்டி வழி 1, 4. உடனே திற, காத்து வரும். ச.”

நாலு நிமிடத்தில் முடித்தேன். சுற்றில் இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி. பதற்றப்படுகிற பெண் இல்லை அவள். ஆனாலும் சாயங்காலம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்.


நாள் 210, காலை 11.50

பதிவுக்காக அந்தச் சங்கிலியை ஒழுங்காக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். விபத்து நடந்தால் காரணத்தைக் கண்ணி கண்ணியாக எழுத வேண்டும், விதி.

எழுத வரவில்லை.

“2 ஓட்டை” என்று தொடங்கினேன். எதனால்? புயல் பக்கம். அது கண்ணி இல்லை, ஒரு எண்ணம்.

திரும்பத் தொடங்கினேன். தெரிந்ததை மட்டும் வைத்து.

கிழக்குக் குழாய் இறங்கியிருக்கிறது. 1 அல்லது 2, ஒன்றாவது ஓட்டை. இறுக்கக் கண்ணி.

மேற்குக் குழாய் இறங்கியிருக்கிறது. 3 அல்லது 4, ஒன்றாவது ஓட்டை. இறுக்கக் கண்ணி.

நடுவில் 2-ம் 3-ம். இரண்டும் கிணற்றறைக்குள். இரண்டும் ஓட்டையாக இருந்திருந்தால் கிணற்றறை முள் அடியோடு விழுந்திருக்க வேண்டும். பாதிக்குத்தான் இறங்கியிருக்கிறது என்று அவள் எழுதியிருக்கிறாள். முழுசா இல்ல என்று சேர்த்தும் எழுதியிருக்கிறாள். நான் அந்த வரியைப் படித்தேன். படித்தேன், தாண்டிப் போனேன். 2-ம் 3-ம் சேர்ந்து ஓட்டையாக முடியாது. தளர்கண்ணி.

இறுக்கம், தளர்வு, இறுக்கம். 1 நல்லது என்றால் 2 ஓட்டை. 2 ஓட்டை என்றால் 3 நல்லது. 3 நல்லது என்றால் 4 ஓட்டை.

ஆக 1, 4 இரண்டில் ஒன்றாவது ஓட்டை. எது என்று தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தொட்டி வழி இரண்டையும் தாண்டுகிறது. தொட்டியைத் தொடக் கூடாது.

அவள் கேட்டது இதை. இதை மட்டும்தான். நாலு வால்வையும் மூடிவிட்டு, அறைக் காற்றில் உட்கார்ந்திருந்து, புயல் தணிந்ததும் உடுப்போடு வெளியே போய்த் தொட்டியிலிருந்து நேராக சிலிண்டரில் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள். தொட்டி மூடியிருக்கும்வரை அவளுக்குக் காற்று இருந்தது.

மூன்று கண்ணி. பாடத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற அளவு. நாலு மாதம் படித்தவன் நான்.


நாள் 210, மதியம் 1.15

நேர் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். முகடு மறைக்கிறது. உடுப்புப் போட்டு வெளியே போய் ஆன்டெனாக் கம்பத்தை இன்னொரு துண்டு உயர்த்தினேன். இரைச்சல் தவிர ஒன்றும் இல்லை. கம்பம் வளைந்துவிட்டது.

அவள் நிதானக்காரி. ஒரு சங்கிலியை மூன்று தடவை சரிபார்க்காமல் பென்சிலை எடுக்க மாட்டாள். இதையும் சரிபார்ப்பாள். முள் பாதிதானே, 2-ம் 3-ம் எப்படி என்று நிறுத்துவாள்.

ஆனால் அவள் அறையில் இருப்பது எண் போட்ட கைப்பிடிகள்தான், வால்வு 2-ம் 3-ம் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. படம் என்னிடம் இருக்கிறது. அவளிடம் இருப்பது என் ச மட்டும்.

புதிரில் தப்பாகப் போட்டால் நகலை அழித்துவிட்டு அடுத்ததைப் போடுவேன். இந்தக் குளிரில் வால்வைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும், மூடாது. இந்த வால்வுகளின் கையேட்டில் அந்த எச்சரிக்கை சிவப்பு எழுத்தில் இருக்கிறது. நான் மின்னமைப்புப் பொறியாளர். எனக்குத் தெரியும். காலையில் தெரிந்திருக்க வேண்டும்.


நாள் 210, மாலை 5.41

சுற்று தொடங்கிய நொடியில் அனுப்பினேன்: “திறக்காதே. காலையில போட்டது ச இல்ல. கு.”

அதே நொடியில் அவளுடையது வந்தது. இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன.

“மத்தியானம் தொறந்துட்டேன். 4-ல புஸ்ஸுனு சத்தம். மூடப் பாத்தேன், உறைஞ்சு நின்னுட்டு. தொட்டி காலி. உடுப்புல ரெண்டு சிலிண்டர் இருக்கு, அறையில கொஞ்சம் காத்து. நாளைக்கு ராத்திரியத் தாண்டாது. பரவாயில்ல, பதறாத. உன் சங்கிலியில எந்தக் கண்ணி அந்துதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியணும்.”

எந்தக் கண்ணி அறுந்தது என்று கேட்கிறாள். கண்ணி இருந்தது என்று நினைக்கிறாள்.

வண்டியோடு வருகிறேன் என்று அனுப்பினேன். போனதா தெரியவில்லை, சுற்று முடிந்தது. வண்டியின் மின்கலம் திரும்பி வந்த நாளிலிருந்து ஏற்றாமல் காலியாகக் கிடக்கிறது. நிலையத்து மின்கலத்திலிருந்து ஏற்றினால் விடியும்வரை ஆகும். ஏற்றுகிறேன். சூடு, விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன், அந்த மின்சாரமும் அதற்கே போகட்டும்.

சும்மா உட்கார முடியவில்லை. அவள் போட்டியில் தோற்ற புதிரை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய தாள் இங்கேதான் இருக்கிறது. பென்சிலில் சின்னச் சின்ன எண்கள், அழித்த தடங்கள், இரண்டு இடத்தில் கு. அந்த இரண்டு இடமும் நான் நகல் எடுத்து ஓட்டிய அதே இரண்டு இடம். அவளும் நானும் ஒரே கட்டத்தில்தான் நின்றிருக்கிறோம். அவள் ஓர் எழுத்து போட்டாள், பள்ளத்துக்குப் போனாள். நான் வேறொரு எழுத்து போட்டேன், இங்கே சூடாக உட்கார்ந்திருந்தேன்.

முகாமில் இப்போது நான் இருக்க வேண்டும்.


நாள் 211, காலை 7.29

வந்தது:

“கு-ன்னு இப்பதாம் போடுத. ஆரம்பத்துலருந்து மொத தடவ. நீ அடிச்சுவிடுதன்னு எனக்கு அப்பமே தெரியும்ல. நிசச் சங்கிலி எது இல்லங்கதைத்தாம் சொல்லும். உன்னுது எப்பவும் விடையவே சொல்லிச்சு. வெளையாட்டுதானேன்னு விட்டேன். பள்ளத்துக்கும் தெரிஞ்சுதாம் வந்தேன், யாராவது ஒருத்தர் வரணும்லா. நேத்தும் உன் செய்தி நேரா விடையச் சொன்னப்ப ஒரு நிமிசம் யோசிச்சேன். கீழ ச இருந்துச்சு. புதிர்ல பொய்யாப் போடுவான், எனக்குப் போட மாட்டான்னு நெனச்சுத் தொறந்தேன். பேரைப் பாரு, குணசீலனாம். சரி, வா. வழிய அடிச்சுவிடாத. ரெண்டு பேரும் போயிட்டா கிணத்த யாரு பாப்பா.”

நான் பதிலாக அனுப்பியது ஒரே வரி: வருகிறேன், யோசித்து வருகிறேன்.

வேறு எழுத வந்தது எதையும் அனுப்பவில்லை. மன்னிப்பு என்று தட்டினேன், அழித்தேன். காற்று குறைந்துகொண்டிருக்கிற ஒருத்தியிடம் போய் அதற்கும் பதில் வாங்க நிற்பதா.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும். நான் டீ குடிச்சிட்டேன் என்று எழுதியபோது. முதல் கண்ணி எது என்று அவள் கேட்டபோது. அது கேள்வியாக இருக்கவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு ஓர் இடம் விட்டுப் பார்த்திருக்கிறாள். நான் இன்னொரு பொய்க் கட்டத்தைக் கொடுத்தேன். இரண்டு நாள் அதில் உட்கார்ந்திருந்துவிட்டு, வராது என்று தெரிந்தும் என் பொய்க்குக் கீழே தன் கையால் கு போட்டு அனுப்பியிருக்கிறாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

முகம் எரிகிறது. நிலையத்தில் வெப்பம் மைனஸில்.


நாள் 211, காலை 8.20

வழி. அடித்துவிடாமல்.

முகாமுக்கு மூன்று வழி. மேட்டு வழி, ஓடை வழி, நடுவே குறுக்கு வழி. குறுக்கு வழிதான் தூரம் குறைவு, பாதி நேரம். முதலில் அதைத்தான் வண்டியில் போட்டு வைத்திருந்தேன். கை தானாகப் போட்டிருக்கிறது.

தெரிந்தது: நேற்று மாலை அதிர்வுக் கருவி பெரிய துள்ளல் ஒன்றைப் பதிந்திருக்கிறது. மண்சரிவு. அந்த அளவில், அந்தத் தூரத்தில் சரிய இரண்டே இடம் உண்டு. வடசரிவு அல்லது தென்சரிவு. இரண்டும் சேர்ந்து இறங்கினால் துள்ளல் இரண்டு வந்திருக்கும்; ஒன்றுதான் வந்திருக்கிறது. எது என்று கருவி சொல்லவில்லை.

குறுக்கு வழி இரண்டு சரிவுக்கும் அடியில் போகிறது. எது இறங்கியிருந்தாலும் அது அடைபட்டிருக்கும்.

குறுக்கு வழி அழிகிறது. ச.

நான் நேர்மையாகப் போட்ட முதல் ச இது. சங்கிலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஒற்றைக் கண்ணி. ஒரே ஒரு வழிதான் அழிந்தது. ஆனால் அந்த வழியில் போக முடியாது என்று சத்தியம் செய்வேன். ஐந்து கண்ணி போட்டுவிட்டு அவள் எழுதிய வரி இப்போதுதான் புரிகிறது. இதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் என்று மேலே இருக்கிறது. அழிக்க வசதி உண்டு. அழிக்கவில்லை.


நாள் 211, காலை 10.20
வண்டியில். வழி பிரியும் இடம்

தெரிவது வண்டி மூக்கு வரைக்கும். மின்கலம் 64. முகாம்வரை போகப் போதும். ஒரு வழியில் பாதி போய், அடைபட்டிருந்து, திரும்பி வந்து, மற்றதில் போகப் போதாது. நாலு தடவை கணக்குப் போட்டேன். போதாது.

நான்கு சிலிண்டர் ஏற்றியிருக்கிறேன். ஒட்டுப் பசை, வாஷர் ஒரு பெட்டி. அவளுடைய போட்டித் தாளும்.

மேட்டு வழி வடசரிவைத் தொட்டுப் போகிறது. ஓடை வழி தென்சரிவை. ஒன்று திறந்திருக்கிறது, ஒன்று மூடியிருக்கிறது. எது எது என்று சொல்ல ஒரு கண்ணிக்காகத் தேடினேன். காற்றின் திசை: சரிவை எந்தப் பக்கம் தள்ளும் என்று உறுதியில்லை. பழைய படங்கள்: இரண்டு சரிவும் ஒரே மாதிரி தளர்வு. கருவியின் பதிவை அலை அலையாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு மணி நேரம் போனது. அவளுடைய ஒரு மணி நேரம்.

ஓடை வழிதான் என்று மனம் சொல்கிறது. இந்த மனம்தான் 2-ம் 3-ம் என்று சொன்னது.

கண்ணி இல்லை. தேடியாயிற்று, இல்லை. இதற்குமேல் நின்றால் நிற்பதே தப்பு.

இதை யாராவது எடுத்தால்: முதலில் பள்ளத்து முகாமுக்குப் போங்கள். அவள் பெயர் பெலிசியா கொரேரா. தொட்டியைத் திறந்தது அவள் கை, திறக்கச் சொன்னது நான். அவள் எதையும் சரிபார்க்காமல் செய்யவில்லை. சரிபார்க்க வேண்டியதை நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் புதிர்த் தாள்களும் கிடைக்கும். என் பெயர் போட்ட தாள்களில் ச என்று இருக்கிற இடத்திலெல்லாம் கோடு போட்டு அழித்துவிடுங்கள். அவள் தாள்களில் ச என்று இருந்தால் அது ச-தான், நம்பலாம்.

சிலிண்டர்களைச் சரிபார்த்தேன். சக்கரங்களைச் சரிபார்த்தேன். அவள் இருக்கிறாளா என்பதைச் சரிபார்க்க வழியில்லை. சின்னதாக இரண்டையும் எழுதி வைக்கிறேன், எதையும் அழிக்கவில்லை.

ஓடை வழி.

கு.